மெத்தென்று போன வண்டி

சவுரிராயனுக்கு வண்டிமேல் பெரிய பிரியம் எதுவும் இருந்ததில்லை. திண்டிவனத்தை ஒட்டிய ஒரு வேர்க்கடலை மில்லில் மல்லாட்டைத் தோல் உடைக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஊர் செஞ்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் போய்வர ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆக வேண்டும், பிரேக் போட்டால் நிற்க வேண்டும். செயினில் மண் அப்பிக் கறகறவென்று கத்தினாலும் அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார். அவர் வருவது மில் வாசலிலிருந்தே கேட்கிறது என்று மில்லில் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

மனைவி இருதயமேரிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் இது மாறியது.

முதலில் கால் வீங்கியது. பிறகு முகம். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இனி வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துதான் ஆக வேண்டும் என்றார்கள். பக்கத்தில் எங்கும் இடம் இல்லை, வரிசையில் நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் டயாலிசிஸை விழுப்புரத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. மேரிக்கு இருதயராஜ் என்று ஒரு தம்பி வல்லத்துப் பக்கம் இருந்தான், அவனுக்கு அவன் பாடு. ஆகவே கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் சவுரிராயன்தான்.

ஆரம்பத்தில் பஸ்ஸில் போனார்கள். போகும்போது எப்படியோ சமாளித்துவிடுவாள். திரும்பும்போதுதான் கஷ்டம். ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்தபின் உடம்பில் ஒன்றும் மிஞ்சாதவள்போல ஆகிவிடுவாள். கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது, உட்கார இடம் கிடைத்தாலும் டீசல் வாடைக்கு வாந்தி வரும். ஒருநாள் திண்டிவனம் பாலத்துக்குக் கீழே இறங்கியவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பூக்கார அம்மாள் ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். அன்றிலிருந்து பஸ் வேண்டாம் என்று சவுரிராயன் முடிவு செய்தார்.

வண்டியில் வாந்தி இல்லை, காற்று இருந்தது, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அவளுக்கு எலும்பு வலி இருந்தது. இந்த வியாதியில் எலும்பும் சேர்ந்து வீணாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ரோட்டில் ஒவ்வொரு மேடு பள்ளமும் அவள் இடுப்பில் போய் இடித்தது. அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள். அவர் சட்டையை இடுப்போரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் அவள் கை, பள்ளம் வரும்போதெல்லாம் இறுகும். அந்தப் பிடியை வைத்துத்தான் அவருக்குத் தெரியும். விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் இடையில் எந்தெந்த இடத்தில் அந்தக் கை இறுகும் என்று அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

"வலிக்குதா மேரி?"

"போங்க, போங்க. நின்னா மட்டும் வலிக்காதா."

அப்போதுதான் அவர் முதன்முதலாகத் தன் வண்டியைக் கவனித்துப் பார்த்தார்.

செஞ்சி ரோட்டில் ஆனந்தராஜ் ஒரு மெக்கானிக் கடை வைத்திருந்தான். சவுரிராயனைவிட வயதில் சின்னவன். சவுரிராயன் மேரியோடு அங்கே போனார். ஆனந்தராஜ் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினான். ஹேண்டிலை மெல்ல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். நடுவில் வரும்போது அது எதிலோ விழுந்ததுபோல் நின்றது. பிறகு முன்னால் உட்கார்ந்து, சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கியிருக்கும் போர்க் குழாய்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

"கோன் செட்டு போச்சுண்ணா. ஹேண்டில் கழுத்துல இருக்கற குண்டெல்லாம் குழி விழுந்துடுச்சி. போர்க் சீலும் போச்சி, பாரு, ஆயில் கசிஞ்சிக்கினு இருக்குது. செயின பத்தி நான் ஒண்ணும் சொல்லல, நீயே பாத்துக்க."

"எல்லாத்தையும் மாத்திடு தம்பி. உக்காந்துக்கினு போனா ஆடக் கூடாது. அவளுக்கு ஒடம்பு தாங்கல."

ஆனந்தராஜ் ஒதுங்கி நின்றிருந்த மேரியைப் பார்த்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றான்.

வண்டி நிஜமாகவே மாறிவிட்டது. முன்னால் வந்த டொக் டொக் நின்றது. புது செயின் போட்டபின், ஆக்சிலேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் பின்னால் இழுத்து உதறும் அந்த உதறல் இல்லை. அந்த உதறல்தான் மேரியை அதிகம் வாட்டியிருந்தது. அவள் கை முன்பிருந்த அளவுக்கு இறுகவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்ததும் சவுரிராயன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்துவிடுவார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் செயினைத் துடைப்பார். மேரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஒரு கையால் மெதுவாகச் சுற்றிவிடுவாள், வலது கையால்தான். அவர் கண்ணிக்குக் கண்ணி ஆயில் விடுவார். நடுவில் செயினை மேலும் கீழும் தூக்கிப் பார்த்து, அதிகம் தொய்ந்திருந்தால் பின்சக்கர அச்சின் நட்டை இளக்கி, இரண்டு பக்கமும் ஒரே கோட்டுக்கு வருகிறதா என்று கவனித்து இழுத்து முடுக்குவார். போர்க் குழாயில் எண்ணெய்க் கோடு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். கூத்து பார்ப்பதுபோல இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எனக்கு இந்த மாதிரி சேவகம் பண்ணதில்ல, வண்டிக்கு பண்ணுறீங்க."

"உனக்குத்தான பண்றேன்."

அவள் இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்திருந்தார்கள். உள்ளே இரண்டு ரத்தக்குழாயை இணைத்து, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கு வாகாகப் பெரிதாக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கு அடியில் கிர்ரென்று ஓடுவது தெரியும். டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்த சங்கவி என்ற பெண் அதைப் பற்றி அவர்கள் இருவருக்கும் சேர்த்தே சொல்லியிருந்தாள்.

"அக்கா, இந்தக் கைதான் உங்களுக்கு உசுரு. இதுல பாரம் தூக்காதீங்க, இது மேல படுக்காதீங்க. அண்ணா, நீங்க தெனம் காலையில கை வெச்சி பாக்கணும். ஓடிக்கினே இருக்கணும். நின்னுடுச்சின்னா அப்டியே கெளம்பி வந்துடுங்க."

மில்லில் மிஷின் ஓடும்போது பேரிங் மேல் கையை வைத்து அதன் நிலைமையைத் தெரிந்துகொள்வது அவருக்குப் பழக்கம். அதேபோல் தினமும் விடிந்ததும் அவள் கையைத் தொட்டுப் பார்ப்பார். ஓடிக்கொண்டிருக்கும். பிறகுதான் எழுந்து பல் துலக்கப் போவார்.

மழைக்காலம் முடிந்தபோது ரோடு மோசமாகியிருந்தது. மேரியும் மெலிந்துவிட்டிருந்தாள். இடுப்பில் சதையே இல்லை. சீட்டின்மேல் அவர் கட்டிக்கொடுத்த பஞ்சு மெத்தையும் போதவில்லை. சட்டையைப் பிடித்த அவள் கை மறுபடி இறுகத் தொடங்கியது. ஒருநாள் மயிலம் பிரிவு தாண்டியதும் முதுகில் ஈரம்போல் பட்டது. அவள் அவர் முதுகில் முகத்தை வைத்துச் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள்.

அடுத்த நாளே அவளையும் கூட்டிக்கொண்டு ஆனந்தராஜ் கடைக்குப் போனார்.

"முன்னாடி இன்னும் கொஞ்சம் சாஃப்டா வெச்சி குடு தம்பி. பள்ளத்துல எறங்கனா தெரியவே கூடாது."

ஆனந்தராஜ் ஹேண்டிலைப் பிடித்து வண்டியை முன்னால் அமுக்கிப் பார்த்தான். போர்க் அடங்கி மெதுவாக எழுந்தது.

"நல்லாத்தான இருக்குது. இதுக்கு மேல எளக்கனா பிரேக் போடும்போது அப்டியே மூஞ்சி குத்திக்கும்ணா. ஆயில் அளவு ஆயில் அளவுதான். ரெண்டு பேரு போற வண்டி, வாணாம்."

"கொஞ்சமா."

"வாணாம்ணா. சொன்னா கேளு."

சவுரிராயன் மேரியை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வண்டிக்கு முட்டுக் கொடுத்தார். போர்க்கின் அடியிலிருந்த சிறிய திருகைக் கழற்றி உள்ளே இருந்த ஆயிலை ஒரு தகர டப்பாவில் வடித்தார். மில் மோட்டாருக்கு விடுகிற, தண்ணீர்போல ஓடும் ஆயிலைக் கொண்டுவந்து வைத்திருந்தார். மேலே மூடியைத் திறந்து அதை ஊற்றினார். வடித்த அளவைவிடக் குறைவாகவே ஊற்றினார். மூடியபின் வண்டியை அமுக்கிப் பார்த்தார். கை வைத்ததும் இறங்கியது. மேரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுமுறை விழுப்புரம் போனபோது அவள் கை அவர் சட்டையை லேசாகத்தான் பிடித்திருந்தது. வழக்கமாக இறுகும் இடங்களில் எல்லாம் அவர் காத்திருந்தார். இறுகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவள், "இன்னிக்கு ரோடே தெரியலீங்க. மெத்துனு இருந்துச்சி" என்றாள்.

அவர் வண்டியைப் பூட்டுகிற சாக்கில் கீழே குனிந்துகொண்டார்.

அதன்பின் வந்த வாரங்கள் அவர்களுக்கு நல்ல நாட்களாக இருந்தன. போகும் வழியில் நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கும் அளவுக்கு அவளுக்குத் தெம்பு வந்தது. கூட்டேரிப்பட்டில் ஒரு டீயை வாங்கி அவளுக்குக் கால் தம்ளர் ஊற்றிக்கொடுப்பார். அவளுக்குத் தண்ணீர்கூட அளந்துதான். ரோட்டோரம் கொய்யாவும் இளநீரும் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தபடி டீயை உறிஞ்சுவாள். அவளுக்கு இரண்டுமே கூடாது. "வாங்கி மோந்து பாக்கலாமா" என்று ஒருநாள் கேட்டாள். ஒரு கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். விழுப்புரம் வரை மூக்கோரம் வைத்துக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரியில் சங்கவியிடம் கொடுத்துவிட்டாள்.

விழுந்தது ஒரு சாயங்கால நேரத்தில், திரும்பி வரும்போது. அன்று டயாலிசிஸ் முடிந்ததும் மேரிக்குப் பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. சங்கவி அவளைப் படுக்கவைத்து, தலைசுற்றல் நின்றபிறகே அனுப்பினாள். விக்கிரவாண்டி தாண்டி, பாலம் வேலைக்காக ரோட்டைப் பக்கத்தில் திருப்பிவிட்டிருந்தார்கள். முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. சவுரிராயன் பிரேக்கை அழுத்தினார். வேகம் அதிகமில்லை. ஆனால் வண்டியின் முன்பக்கம் அப்படியே கீழே அமிழ்ந்தது. அமிழ்ந்த நேரத்தில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. போர்க் அதற்குமேல் இறங்க இடமில்லாமல் இரும்போடு இரும்பு மோதிய சத்தம் கேட்டது, ஹேண்டில் அவர் கையைப் பறித்துக்கொண்டு திரும்பியது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது.

அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. மேரி மண்ணில் இடது கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். வேன்காரர் இறங்கி ஓடிவந்தார். யாரோ வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"கைய காட்டு. கைய காட்டு மேரி."

"ஒண்ணும் ஆவல. மண்ணுதான். ஜல்தி கெளம்பலாம், எல்லாரும் பாக்கறாங்க."

அங்கேயே அவர் விரலை வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வழக்கம்போல் இல்லையோ என்று தோன்றியது. ரோட்டில் வண்டிகள் போகும் அதிர்வில் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் தொட்டபோது ஒன்றும் இல்லை. விரலை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். தோல் வெறுமனே வெதுவெதுப்பாக இருந்தது. மேரி கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே வலது கை விரலை அந்த இடத்தில் வைத்தாள். இருவரும் அப்போதே விழுப்புரத்துக்குக் கிளம்பினார்கள்.

ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது, இனி அந்தக் கை டயாலிசிஸுக்கு உபயோகப்படாது என்று டாக்டர் சொன்னார்.

"நேத்து வண்டியிலர்ந்து விழுந்துட்டாங்க டாக்டர். அதனாலயா?"

"இருக்கலாம். நேத்து பிரஷரும் ரொம்ப இறங்கியிருக்கு, அதனாலயும் அடைச்சிக்கும். ரெண்டுல எதுன்னு சொல்ல முடியாதுங்க. விழாதவங்களுக்கும் நிக்குது."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. நீதான் செய்தாய் என்றோ, நீ செய்யவில்லை என்றோ யாராவது சொல்லவேண்டும் போலிருந்தது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டயாலிசிஸ் செய்வதற்காக மேரிக்குக் கழுத்தில் டியூப் போட்டார்கள். அவள் வார்டில் இருந்த நாட்களில் ஒருநாள் சவுரிராயன் வண்டியை ஆனந்தராஜிடம் கொண்டுபோனார். அவன் போர்க்கைத் திறந்து ஆயிலை வடித்தான். வந்ததைப் பார்த்தான். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான்.

"யாருண்ணா இத ஊத்தனது?"

"நான்தான்."

ஆனந்தராஜ் அவர் முழங்கால் கட்டைப் பார்த்தான். புது ஆயிலை அளந்து ஊற்றினான், வளைந்திருந்த ஹேண்டிலை மாற்றினான், கோன் செட்டைத் திருப்பிப் பார்த்து முடுக்கினான், செயினையும் ஒருமுறை சரிபார்த்தான். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்துத்தான் சவுரிராயன் போயிருந்தார். அவன் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் வேறு வண்டியைப் பார்க்க ஆரம்பித்தான்.

அன்றே திரும்பிப் போய் மேரியின் கட்டிலருகே உட்கார்ந்தார். வார்டில் சாப்பாட்டு நேரம். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"மேரி, போர்க்குல நான் ஆயில மாத்துனேன். அதனாலதான் அன்னிக்கு…"

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"ஆனந்தராஜ் வாணாம்னு சொன்னப்ப நானும் அங்கதான உக்காந்துக்கினு இருந்தேன். நீங்க ஊத்தும்போதும் பாத்துக்கினுதான் இருந்தேன். எனக்கும் ஆசதான். வலியில்லாம ஒரு தபா போவலாம்னு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"விட்டுடுங்க. கொஞ்ச நாளாவது நல்லா போனோம்ல."

அவள் பழி போட்டிருந்தால் அதைச் சுமந்துகொண்டு அவர் நடந்திருப்பார். பங்கு போட்டுக்கொண்டது தாங்கமுடியவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய், தண்ணீர்க் குழாயருகே வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

அதற்குப்பின் அவளை வண்டியில் உட்காரவைக்கவில்லை. கழுத்து டியூபில் தூசி படக்கூடாது. இருதயராஜ் தனக்குத் தெரிந்த ஒருவரின் வேனை ஏற்பாடு செய்தான். வேன் வராத நாளில் ஆட்டோ, ஆட்டோ கிடைக்காத நாளில் மறுபடி பஸ். வலது கையில் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். அதில் ரத்த ஓட்டம் வரவேயில்லை. கழுத்தில் போட்ட டியூப் வழியாகக் காய்ச்சல் வந்தது. குளிர் தூக்கிப்போடும். மாற்றினார்கள், மறுபடி வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய சமயத்தில் அவள் சாப்பிடுவதை அநேகமாக நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, போதும்" என்றாள் ஒருநாள் காலையில், வேன் வாசலில் நிற்கும்போது. "இன்னிக்கு வாணாம்."

"மேரி, நாளைக்கு மூச்சு வாங்கும்."

"தெரியும். இன்னிக்கு வாணாம்."

அவர் கெஞ்சினார், கோபப்பட்டார், இருதயராஜைப் போனில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். கடைசியில் தூக்கித்தான் வேனில் ஏற்றினார்கள். அவள் தடுக்கவில்லை, ஒத்துழைக்கவும் இல்லை. சங்கவி அவளைப் பார்த்ததும் மற்ற வேலையை விட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேரி இறந்துபோனாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சவுரிராயனைச் சங்கவி உள்ளே கூப்பிட்டபோது மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அவளை ஏற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது பாலம் வேலை முடிந்து புது ரோடு போட்டிருந்ததை அவர் பார்த்தார். ஒரு குலுங்கல்கூட இல்லை.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபின் இருதயராஜ் மட்டும் தங்கியிருந்தான். போகும் முன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மாமா, வண்டி சும்மாவே நிக்குது. ஓட்டாம போட்டா வீணாப்பூடும். நான் எடுத்துக்கினு போவட்டா?"

"எடுத்துக்கினு போ."

"நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது."

அவன் ஸ்டார்ட் செய்தான். செயின் சத்தமே இல்லாமல் வண்டி தெருமுனையில் திரும்பிப் போனது. சவுரிராயன் வாசலில் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார்.

இப்போது மில்லுக்கு டவுன் பஸ்ஸில் வருகிறார், பஸ் தவறினால் நடந்து. ஆட்களோடு அதிகம் பேசுவதில்லை. மில்லில் மூட்டை தூக்கும் மண்ணாங்கட்டி என்பவருக்குச் சமீபத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. போன மாசம் ஒருநாள் மத்தியான இடைவேளையில் அவர் தன் வண்டியை மிஷின் ஷெட் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, பிரேக் போட்டா முன்னாடி டொக்குனு இடிக்குது. வூட்டுல மாசமா இருக்குது, செக்கப்புக்கு இட்டுக்கினு போவணும். நீதான் உன் வண்டிய பஞ்சு மாதிரி வெச்சிருந்தியாமே. ஒரு தபா பாத்து குடேன்."

சவுரிராயன் அந்த வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தார். போர்க் குழாயில் எண்ணெய்க் கோடு ஓடியிருந்தது, தூரத்திலிருந்தே தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தவர் நின்றுவிட்டார்.

"எனக்குத் தெரியாது."

"இன்னாண்ணே, சின்ன வேல. நீ பாத்தா போதும்."

"தெரியாதுன்னு சொன்னேன்ல. செஞ்சி ரோட்ல ஆனந்தராஜ்னு ஒருத்தன் இருக்கறான். அவன்கிட்ட எடுத்துக்கினு போ. அவன் வாணாம்னு சொன்னா வுட்டுடு."

மண்ணாங்கட்டி முகம் சுருங்கிப்போனது. உதவி கேட்டதற்கு இப்படியா பேசுவது என்று அருகிலிருந்தவரிடம் முணுமுணுத்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மில் சங்கு ஊதியது. சவுரிராயன் மிஷினை ஓடவிட்டு, அடுத்த மூட்டையின் வாயைப் பிரித்து மல்லாட்டையைக் கொட்டினார். தோல் தூசி எழுந்து ஷெட் முழுக்கப் பரவியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.